யாகான் பேசிய கடைசிப் பாட்டியும் எங்கள் அப்புவும்

ஒட்டுசுட்டான் பொடியன்:
சிலியின் தென்கோடியில் நவரினோ தீவு இருக்கிறது. அங்கே வாழ்ந்த கிறிஸ்தினா கால்தெரோன் என்ற பாட்டி 2022 பெப்ரவரியில் 93 வயதில் காலமானார். யாகான் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் அவர்தான். 2005-இல் அவருடைய மச்சாள் எமெலிந்தா போனபிறகு, சின்ன வயதிலிருந்தே அந்த மொழியில் வளர்ந்த இன்னொருவர் மிஞ்சவில்லை. 16 வருடம் யாரோடு கதைத்திருப்பார்? இதை வாசித்த நாள் முதல் எனக்கு எங்கள் அப்புவின் நினைவுதான்.

அப்புவுக்கு 84 வயது. நெற்கதிரை மாடு விட்டுச் சூடு மிதித்த காலத்துச் சொற்கள் அவரிடம் நிறைய உண்டு. இப்போது வெட்டும் மெசின் வயலுக்குள் இறங்கினால் மத்தியானத்துக்குள் நெல் சாக்கில். சூடு மிதிக்கும் களவெட்டியே இல்லை, அந்தச் சொற்களை அவர் யாரிடம் சொல்வது? போனில் பதிந்து வைக்கலாம் என்று "சொல்லுங்கோ அப்பு" என்றால், "என்னத்தைச் சொல்ல?" என்கிறார். எப்படிக் கேட்பது?

மாங்குளம் ரீச்சர்:
தம்பி, இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டாம். தமிழ் பேசக் கோடிக்கணக்கானோர் இருக்கிறோம். யாகான் மக்கள் தோணியில் வாழ்ந்தவர்கள். வெளியார் வந்து கடல்நாய்களையும் திமிங்கிலங்களையும் வேட்டையாடித் தீர்த்தார்கள். கூடவே வந்த தொற்றுநோய்கள் ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோயின. மிஞ்சிய பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி வந்தது. தோமஸ் பிரிட்ஜஸ் என்ற பாதிரியார் சேர்த்த 32,000 சொற்கள் 1933-இல் அகராதியாக அச்சாகின. அவ்வளவு சொல் தாளில் இருந்தும், வீட்டில் பிள்ளையைக் கூப்பிட அந்த மொழி இல்லாமல் போனதே. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஆனாலும் பதியுங்கள். கிறிஸ்தினாவும் பேத்தியோடு இருந்து கதைகளைச் சொல்லி எழுத வைத்தவர்தான்.

முத்தையன்கட்டு கமக்காரன்:
கதிரையில் இருத்தி வைத்துக் கேட்டால் வராது, தம்பி. ஒரு சுளகும் கொஞ்ச நெல்லும் கையில் கொடுத்துப் பாருங்கள். காற்று விழும் நேரம் பார்த்து வெளியில் கூட்டிப் போங்கள். கை வேலை செய்தால் வாய் தானாக வரும். போனைச் சட்டைப் பையில் வையுங்கள், முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

ஒட்டுசுட்டான் பொடியன்:
அண்ணை, நேற்றுப் பின்னேரம் அப்படியே செய்தேன். படங்கை விரித்து, "இந்த நெல்லைத் தூற்றுவமா அப்பு?" என்றேன். சுளகை வாங்கியவர் என்னை முறைத்தார். "களத்தில நெல் எண்டு சொல்லப்படாது. பொலி எண்டு சொல்லு." அப்புறம் 40 நிமிடம் நிறுத்தாமல் கதைத்தார்.