ஆஸ்திரேலிய ஃபுட்டி டிராஃப்டில் பெயர் வரவில்லை: 198 செ.மீ. உயரமுள்ள முன்வரிசைப் பையனுக்கு இனி என்ன வழி?

நெட்டையனின் அம்மா எழுதியது:

வணக்கம். மெல்பர்னின் மேற்குப் பகுதியில் இருக்கிறோம். என் மகனுக்குப் பதினெட்டு வயது, உயரம் 198 சென்டிமீட்டர். என் பக்கத்து உயரம் அல்ல. அவன் அப்பாவின் முன்னோர் டச்சுக்காரர்கள். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றால் புகைப்படத்தில் என் தலைமுடி மட்டும் தெரியும்.

பதினைந்து வயது வரை கூடைப்பந்துதான் விளையாடினான். பிறகு ஆஸ்திரேலிய ஃபுட்டிக்கு மாறி ஃபுல் ஃபார்வர்டாக, அதாவது கோலுக்கு மிக அருகில் நிற்கும் முன்வரிசைக்காரனாக, ஆடுகிறான். இந்த ஆண்டு பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் லீகில் எட்டு ஆட்டங்கள் கிடைத்தன. முதுகு வலியால் ஆறு வாரங்கள் போய்விட்டன.

உச்ச லீகான ஏஎஃப்எல்லின் கழகம் ஒன்றிலிருந்து மூன்று முறை வீட்டுக்கு வந்தார்கள். அவன் கையை விரிக்கச் சொல்லி அளந்தார்கள். அப்பாவின் உயரம், தாத்தாவின் உயரம், என் தம்பியின் முழங்கால் வரை விசாரித்தார்கள். காபி குடித்தார்கள். சரியாக, பெண் பார்க்க வந்துவிட்டு ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்று சொல்பவர்களைப் போலவே எழுந்து போனார்கள். கழகங்கள் வரிசையாகப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நவம்பர் டிராஃப்டின் இரண்டு இரவும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தோம். பெயர் வரவில்லை. துணைப் பட்டியலுக்கு ஆள் எடுக்கும் ரூக்கி டிராஃப்டிலும் வரவில்லை. அந்தக் கழகத்திலிருந்து ஒரு வரிச் செய்திகூட இல்லை.

இப்போது ஏஎஃப்எல்லுக்கு அடுத்த நிலை லீகான விஎஃப்எல்லின் அணி ஒன்றின் பயிற்சியாளர், ‘பருவத்துக்கு முந்தைய பயிற்சிக்கு வந்து பார்’ என்கிறார். பல்கலைக்கழகத்தில் பொறியியல் இடமும் கிடைத்திருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் காலிங்வுட்டில் ஆடிய அந்த அமெரிக்கக் கூடைப்பந்துக்காரரைச் சொல்லி ஆறுதல் தருகிறார்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம். கதவு மூடிவிட்டதா இல்லையா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இரட்டைக் கொடி எழுதியது:

அம்மா, பதினான்கு ஆண்டுகளாக மேற்குப் புறநகர் ஆட்டங்களில் கோல் நடுவராக நிற்கிறேன். வெள்ளை மேலங்கி, இரண்டு கொடி, ஒரு பென்சில், ஒரு அட்டை. கோல் என்றால் இரண்டு கொடிகளையும் அசைப்பேன். பிஹைண்ட் என்றால், அதாவது ஓரக் கம்பத்துப் பக்கம் போய் ஒரு புள்ளி மட்டும் கிடைத்தால், ஒன்று. மைதானத்தில் எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது எனக்கு முன்னால் இருப்பது ஃபுல் ஃபார்வர்டின் முதுகு. பந்து எண்பது மீட்டர் தள்ளி உருண்டுகொண்டிருக்கும் நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்பது எனக்கும் அவனைக் காக்கும் தடுப்பாட்டக்காரனுக்கும் மட்டுமே தெரியும்.

முதலில் அந்த அமெரிக்கரை விட்டுவிடுங்கள். மேசன் காக்ஸின் உயரம் 211 செ.மீ. உங்கள் மகனைவிட அரைச் சாணுக்கும் கொஞ்சம் அதிகமான உயர வேறுபாடு. வேறு விளையாட்டிலிருந்து வருபவர்களுக்கென்றே இருக்கும் தனி ரூக்கி வழியில் அவரை எடுத்தார்கள். அந்தக் கதவு வேறு, உங்கள் மகன் நிற்கும் வாசல் வேறு.

உங்கள் மகனுக்குப் பொருந்துகிற ஆள் பென் பிரவுன். டாஸ்மேனியாக்காரர், 200 செ.மீ. பதினெட்டு வயதில் யாரும் எடுக்கவில்லை. முழங்காலில் பெரிய காயம். 2013இல் வெரிபி அணிக்காக விஎஃப்எல்லில் ஆடினார். அந்த ஆண்டு சர்ன்சைட் பூங்கா மைதானத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். காற்று கழிவுநீர்ப் பண்ணைப் பக்கத்திலிருந்து திரும்பும் நாளில் அங்கே நிற்பதே ஒரு தியாகம். கோலுக்கு உதைக்க அவர் பின்னால் நடக்கத் தொடங்கினால், ‘வீட்டுக்கே போகிறாரோ’ என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார். அவ்வளவு நீண்ட ஓட்டம். அந்த ஆண்டு டிராஃப்டில் 47ஆவது தேர்வாக நார்த் மெல்பர்ன் எடுத்தது. அப்போது வெரிபி நார்த் மெல்பர்னின் இணை அணிகளில் ஒன்று. கையில் இருந்ததையே அவர்கள் அவ்வளவு தாமதமாகத்தான் எடுத்தார்கள். பிறகு 2017, 2018, 2019 மூன்று ஆண்டுகளிலும் அறுபது கோலுக்கு மேல் அடித்தார். 2021 இறுதியாட்டத்தில் மெல்பர்ன் அணிக்காக மூன்று கோல்.

ஏன் தவறவிடுகிறார்கள்? பார்வை இல்லாமல் அல்ல. நடுக்கள ஆட்டக்காரனுக்கு மோசமான நாளிலும் இருபது முறை பந்து கிடைக்கும். உயரமான முன்வரிசைக்காரனின் பிழைப்பு மற்றவர்களின் காலில் இருக்கிறது. நல்ல உதை வந்தால் மார்க் பிடிப்பான், அதாவது பந்து தரையில் படுமுன் கையில் பிடிப்பான். வராவிட்டால் மதியம் முழுவதும் ஓடிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். எட்டு ஆட்டம், ஆட்டத்துக்கு நான்கைந்து நல்ல உதை என்று வையுங்கள். முப்பது, நாற்பது வாய்ப்புகளை வைத்து ஒரு பையனின் அடுத்த பத்து ஆண்டுகளைக் கணிக்க வேண்டும். போதாததற்கு அவன் உடம்பு இன்னும் முடிந்தபாடில்லை. நேற்று வளர்ந்த காலை இன்று எங்கே வைப்பது என்று அவனுக்கே தெரியாத வயது.

நான் என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் என் முனையில் ஆடினான். அன்று ஒரு கோல்கூட அவன் அடிக்கவில்லை. முதல் கால் பகுதியில் மூன்று முறை பந்தை நோக்கிப் பாய்ந்து வந்தான். மூன்று முறையும் நடுக்களத்துப் பையன்கள் அவனைப் பார்க்காமல் தலைக்கு மேலே உதைத்துவிட்டார்கள். பெரும்பாலான நெட்டையர்கள் அத்தோடு கையை விரித்துக் கத்திவிட்டு, அடுத்த முறை அரை மனதோடு ஓடுவார்கள். இவன் நான்காவது முறையும் முதல் முறை போலவே ஓடினான். அதுவும் வீண். உடனே திரும்பி, அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் இரண்டாவது பாய்ச்சல். அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் அவன் எண்ணைக் குறித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நடுவனுக்கு வாய் கிடையாது. இன்றும் அது எனக்கு ஒரு உறுத்தல்தான்.

உங்கள் மகன் அந்த இரண்டாவது பாய்ச்சலைச் செய்கிறவனா? நீங்கள் வேலியோரம் நின்று பார்த்திருப்பீர்கள். அந்தக் கழகத்துக்காரர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கதவைப் பற்றி: பருவம் தொடங்குவதற்கு முன், பட்டியலில் காலியிடம் இருக்கும் கழகங்கள் பயிற்சிக்கு அழைத்து ஆள் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு பருவ நடு டிராஃப்ட். 2019இல் மறுபடி கொண்டுவந்தார்கள். செயின்ட் கில்டாவின் கூப்பர் ஷார்மன் 2021இல் அந்த வழியாக வந்த முன்வரிசைக்காரர்தான். அதற்கும் பிறகு அடுத்த நவம்பர். ஆக, மூடவில்லை. ஆனால் எல்லாமே இப்போது ஒருக்களித்துத் திறந்த கதவுகள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரட்டைக் கொடி ஐயா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கரையேறியவன் கதையை மட்டும்தான் கரையில் கேட்க முடியும். டாஸ்மேனியாவிலிருந்து வந்து வெரிபியில் ஆடி, பிறகு வேலைக்குப் போய்விட்ட இன்னொரு 200 செ.மீ. பையனின் பெயரை யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். இருந்திருப்பான். பல பேர் இருந்திருப்பார்கள்.

ஒரு கழகத்தின் பட்டியலில் நாற்பத்துச் சொச்சம் பேர். அதில் உயரமான முன்வரிசைக்கு எத்தனை இடம்? மைதானத்தில் ஒரே நேரத்தில் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால் கற்றுக்கொள்ளும் இரண்டு மூன்று பேர். இப்படிப்பட்டவன் பழுக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஆனால் புதியவனுக்கு முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம், ரூக்கி என்றால் அதுவும் குறைவு. மாங்கன்று வைப்பவன் அடுத்த கோடையில் பழம் கேட்டால் எப்படி? எனவே ‘இன்னொருவன் தண்ணீர் ஊற்றி வளர்க்கட்டும், காய்த்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்று இருக்கிறார்கள். எசென்டனுக்குப் போன பீட்டர் ரைட் இதற்கு நல்ல உதாரணம். 203 செ.மீ. முதல் சுற்றுத் தேர்வு. ஆறு ஆண்டுகள் கழித்து கோல்ட் கோஸ்ட் அவரைக் கிட்டத்தட்ட சும்மா கொடுத்தது. 2022இல் 53 கோல் அடித்தார்.

அதே சமயம், முதலில் எடுக்கப்பட்டவன் பிழைத்துவிட்டான் என்றும் சொல்ல முடியாது. பென் பிரவுன் 47ஆவதாகப் போன அதே 2013 டிராஃப்டில் முதல் தேர்வு டாம் பாய்ட், அவரும் உயரமான முன்வரிசைக்காரர். ஓராண்டிலேயே அணி மாறினார். 2016 இறுதியாட்டத்தில் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்காக மூன்று கோல் அடித்து, அந்த அணி அறுபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த கோப்பையை வாங்கித்தர உதவினார். 2019இல், இருபத்து மூன்று வயதில், போதும் என்று விலகிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் அவ்வளவு பெரிய ஒப்பந்தத்தின் சுமையை யார் தாங்குவது?

அக்கா, பொறியியல் இடத்தை விடாதீர்கள். விஎஃப்எல் ஆடிக்கொண்டே படிக்கிறவர்கள் நிறைய. விஎஃப்எல் சம்பளத்தில் மெல்பர்னில் யாரும் குடும்பம் நடத்துவதில்லை.

---

பழைய முதுகு எழுதியது:

அடிலெய்டிலிருந்து எழுதுகிறேன். நான் 194 செ.மீ. ஒரு காலத்தில் உள்ளூர் அணியில் ரக் ஆடினேன், அதாவது நடுவர் மேலே எறியும் பந்துக்குத் தாவித் தட்டும் ஆள். எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். கூடைப்பந்திலிருந்து வந்த பையன் ரக்கில் தாவப் பழகட்டும். முழுநேர ரக் அல்ல, கால் பகுதிக்கு நான்கைந்து நிமிடம். முன்வரிசையில் மட்டுமே நிற்கத் தெரிந்த நெட்டையனைவிட, ரக்குக்கு மூச்சு வாங்க இடம் கொடுக்கும் நெட்டையனைத்தான் தேர்வாளர்கள் பட்டியலில் மேலே எழுதுவார்கள்.

முதுகு விஷயம்: எடையை ஒரே கோடையில் ஏற்றச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். நான் நம்பினேன். பெயரில் இருக்கிறது பலன்.

---

இரட்டைக் கொடி எழுதியது:

ரக் யோசனை நல்லது. நான் சொல்லியிருக்க வேண்டும். என் முனைக்கு ரக் ஆட்டம் தெரிவதில்லை, அதனால் தோன்றவில்லை.

கணக்குப்பிள்ளைத் தம்பிக்கு: கரையேறாதவர்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் 2016 டிராஃப்டைப் பாருங்கள். நிக் லார்க்கி 73ஆவது தேர்வு, மிட்ச் லூயிஸ் 76. மூன்று இடைவெளியில் இரண்டு நெட்டை முன்வரிசைக்காரர்கள், ஏறக்குறைய கடை மூடும் நேரத்தில். லார்க்கி 2023இல் 71 கோல் அடித்தார். அந்த ஆண்டு நார்த் மெல்பர்ன் வென்றதே மூன்று ஆட்டம்! பந்து முன்னால் வரவே வராத அணியில் 71. அதைத்தான் நான் பாய்ச்சல் என்கிறேன்.

ஜோஷ் டிரேசியையும் சொல்ல வேண்டும். கொஹுனா என்ற சின்ன ஊர், பெண்டிகோ பக்கத்து இளையோர் அணி. 2020இல் பெருந்தொற்றால் விக்டோரியாவில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் லீகே நடக்கவில்லை. காட்டுவதற்கு ஆட்டமே இல்லாத ஆண்டு. ஃப்ரிமேன்டில் ரூக்கி டிராஃப்டில் எடுத்தது. 2024இல் அந்த அணியில் அதிகக் கோல் அடித்தவர் அவர்தான். உங்கள் மகனுக்காவது எட்டு ஆட்டங்கள் இருக்கின்றன, அம்மா.

2028இல் டாஸ்மேனியா 19ஆவது அணியாகச் சேர்வதாகத் திட்டம். இன்னொரு பட்டியல் நிரப்பப்பட வேண்டும். இருபத்தொரு வயது நெட்டையனுக்கு அது மோசமான செய்தி அல்ல.

---

நெட்டையனின் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. பழைய முதுகு எழுதியதை மட்டும் மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்தான். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

இரட்டைக் கொடி அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பழைய காணொளிகளை எடுத்துப் பார்த்தேன். அவன் அப்பா எல்லா ஆட்டத்தையும் படம் பிடித்திருக்கிறார், ஆனால் பந்தைத்தான் தொடர்கிறது கேமரா. என் மகன் பாதி நேரம் படத்திலேயே இல்லை. ஒரே ஒரு ஆட்டத்தில் கேமராவை முக்காலியில் வைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போயிருக்கிறார். அந்தப் பதினொரு நிமிடம் கோல் முனை முழுவதும் தெரிகிறது. ஐந்து முறை பாய்கிறான். இரண்டாவது பாய்ச்சல் மூன்று முறை இருக்கிறது. மற்ற இரண்டு முறை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

பொறியியலில் சேருகிறான், பாடங்களைக் குறைத்து. திங்கட்கிழமை விஎஃப்எல் பயிற்சிக்குப் போகிறான். பயிற்சி ஆட்டங்களில் நீங்கள் நடுவராக வந்தால் அவன் எண்ணைச் சொல்லட்டுமா?

---

இரட்டைக் கொடி எழுதியது:

வேண்டாம் அம்மா. சொன்னால் நான் அந்த ஆட்டத்தில் கொடி பிடிக்க முடியாது. அப்பாவிடம் மட்டும் சொல்லுங்கள், இனி எல்லா ஆட்டத்திலும் முக்காலியை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகட்டும்.