அப்பா அம்மா குடியாத்தத்துல இருந்து வராங்க, நூரம்பர்க் பக்கம் எந்த பழைய ஊர காட்டலாம்?

குடியாத்தம்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ரெண்டு வருஷமா ஜெர்மனில நூரம்பர்க்ல இருக்கேன், மே மாசம் அப்பாவும் அம்மாவும் விசிட் விசால வராங்க. பாரிஸ், சுவிஸ்னு டூர் பஸ்ல ஏத்தி விட்டுடுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, ஆனா எங்கப்பா அந்த டைப் இல்ல. வேலூருக்கு எதுக்கு போனாலும் சரி, ஆஸ்பத்திரியோ பேங்க்கோ, வேலை முடிஞ்சதும் கோட்டைய ஒரு சுத்து சுத்தாம பஸ் ஏற மாட்டாரு. ஆறு உண்டு தண்ணி இல்ல, கோட்டை உண்டு ராஜா இல்ல, கோயில் உண்டு சாமி இல்லன்னு சொல்லிட்டு, ஜலகண்டேஸ்வரர் 1981-லயே திரும்பி வந்துட்டாரு இன்னும் இந்த பேச்ச மாத்தலியே நம்ம ஜனங்கன்னு அவரே திட்டுவாரு. அவருக்கு மதில், கோட்டை, பழைய தெருன்னு எதாவது காட்டணும். அம்மாவுக்கு முட்டி வலி, அதிகம் படி ஏற முடியாது. டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி பூரா லோக்கல் ட்ரெயின், பஸ்ல போற மாச பாஸ்) எடுத்து தரலாம்னு இருக்கேன்.

காட்பாடி ஜங்ஷன்:
தம்பி யோசிக்கவே யோசிக்காத, நோர்ட்லிங்கன் போ. டோனவ்வோர்த்ல ட்ரெயின் மாறணும், சுமார் ரெண்டு மணி நேரம் ஆவும். ஊர சுத்தி 2.7 கிலோமீட்டர் மதில், ஒரு இடத்துலயும் அறுபடாம முழுசா நிக்குது, மேல மரக்கூரை போட்ட நடைபாதை இருக்கு, அதுலயே ஊர ஒரு ரவுண்டு அடிச்சிடலாம். ஒரு பக்கம் பாத்தா யாரோ வீட்டு கொல்லையில துணி காயுது, இன்னொரு பக்கம் பாத்தா கோட்டை வாசல். நம்ம வேலூர் கோட்டைக்குள்ள ஆபீசும் மியூசியமும் தானே, சாயங்காலம் ஆனா காலி, இங்க உள்ள ஜனங்க குடித்தனம் பண்ணிக்கினு இருக்காங்க, எனக்கு அதான் புடிச்சுது.

இன்னொன்னு, அந்த ஊரே விண்கல் விழுந்த பள்ளத்துல தான் இருக்கு, சுமார் 1.5 கோடி வருஷம் முன்னாடி விழுந்தது. அந்த மோதல்ல உருவான கல்லுலதான் சர்ச் கோபுரத்த கட்டிருக்காங்க, 90 மீட்டர் உயரம். 1970-ல அப்பல்லோ 14 ஆளுங்கள நிலாவுக்கு போறதுக்கு முன்னாடி இங்க கூட்டினு வந்து பாறைய படிக்க வச்சாங்க. கோபுரத்துக்கு 350 படி, அப்பா மட்டும் ஏறட்டும், அம்மாவ கீழ மார்க்கெட் பெஞ்சுல உக்கார வை. ராத்திரி தங்கினா 10 மணிக்கு மேல காவல்காரரு கோபுரத்துல இருந்து குரல் குடுப்பாரு, இன்னைக்கும் குடுக்கறாங்க.

ஆரணி அக்கா:
350 படியா, அந்தம்மா பாவம்பா. நீ முதல்ல ரேகன்ஸ்பர்க் கூட்டிட்டு போ, ஒரு மணி நேரம்தான், ஊரு சமதரை. டான்யூப் மேல கல்லு பாலம், 1135-ல ஆரம்பிச்சு 1146-ல முடிச்சது, அதாவது வேலூர் கோட்டைக்கு நானூறு வருஷம் மூத்தது, இப்ப நடக்கறவங்களும் சைக்கிளும்தான், கார் கிடையாது. பாலாத்து பாலத்துல நின்னு வெறும் மணல பாத்தே பழகின கண்ணு, எங்க மாமியாரு அந்த பாலத்து கைப்பிடிய புடிச்சிக்கினு அடியில தண்ணி சுழிச்சு ஓடறத அரை மணி நேரம் பாத்தாங்க, கிளம்பலாம்னா கோவம் வருது.

அப்புறம் பழைய ஊர்ல எல்லாம் ரோடு கல்லு பாவினது, ஹவாய் செருப்புல வழுக்கும். வரும்போதே ஆம்பூர்ல நல்ல ஷூ வாங்கிட்டு வர சொல்லு, அங்க தைச்சத இங்க யூரோ குடுத்து வாங்காத. ஞாயித்துக்கிழமை கடை மூடிருக்கும், தயிர்சாதம் கட்டிக்கோ. டாய்லெட்டுக்கு சில்லறை வச்சிக்கோ, அது இல்லாம நான் பட்ட பாடு எனக்குதான் தெரியும்.

வாணியம்பாடி பையன்:
ரோத்தன்பர்க்க யாரும் சொல்லலியா? அன்ஸ்பாக், ஸ்டைனாக்ல மாறணும். 1945 மார்ச் 31 குண்டு வீச்சுல மதில் கொஞ்சம் போயிடுச்சு, உலகம் பூரா பணம் குடுத்தவங்க பேர கல்லுல வெட்டி திரும்ப கட்டினாங்க, நடக்கும்போதே படிச்சிக்கினு போலாம், நம்ம கோயில்ல ட்யூப்லைட்ல உபயம்னு எழுதறாங்களே அதே கதை. மதியம் மட்டும் போவாத, செம கூட்டம்.

சத்துவாச்சாரி:
ப்ரோ நூரம்பர்க்ல உக்காந்துக்கினு வெளியூர தேடறியே. உங்க ஊரு கோட்டையில கிட்டத்தட்ட 50 மீட்டர் ஆழ கிணறு இருக்கு, கைடு மெழுகுவத்திய இறக்கி காட்டுவாங்க, தண்ணிய ஊத்திட்டு எல்லாரும் மூச்ச புடிச்சிக்கினு நிப்போம், ரொம்ப நேரம் கழிச்சு கீழ சத்தம் வரும். 1945 ஜனவரி 2 குண்டு வீச்சுல பழைய ஊரு பெரும்பாலும் தரைமட்டம், இப்ப பாக்கறதுல நிறைய திரும்ப கட்டினது, அத அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடு, அப்புறம் தெரிஞ்சா ஏமாத்திட்டேன்னுவாரு.

குடியாத்தம்காரன்:
எல்லாருக்கும் நன்றி. வந்த முதல் வாரம் கிணறு, அப்புறம் அம்மாவுக்காக ரேகன்ஸ்பர்க், நோர்ட்லிங்கன் ஒரு நைட் தங்கல், இத முடிவு பண்ணிட்டேன். நேத்து போன்ல அப்பாகிட்ட சொன்னேன், விண்கல் எல்லாம் அப்பறம் இருக்கட்டும், உங்க ஊரு கோட்டை அகழில தண்ணி இருக்கான்னு கேட்டாரு. இல்லப்பா காஞ்சு கிடக்கு, ஜனங்க உள்ள வாக்கிங் போறாங்கன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் அம்மாகிட்ட, ஏம்மே, அங்கயும் தண்ணி இல்லியாம்னு சொல்றது கேட்டுச்சு.