நன்றாகப் பாடம் எடுப்பவருக்குப் பதவி உயர்வு எட்டாக்கனியா?

கரும்பலகை:
19 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் துறைத் தலைவர் பதவி, என்னிடம் பாடக் குறிப்பு எழுதப் பழகியவருக்குப் போய்விட்டது. நல்ல மனிதர், அவர் மேல் கோபம் இல்லை. பதிவேடெல்லாம் அன்றன்றே எழுதி முடித்திருப்பார், மீட்டிங்கில் எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார். ஆனால் அவர் வகுப்பிலிருந்து என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் முழுக்க நான் பின்னம்தான் சொல்லித் தருகிறேன். நிர்வாகத்துக்குத் தேவை நல்ல ஆசிரியர் இல்லை, தொந்தரவு தராத ஆசிரியர். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

மணியும் அட்டவணையும்:
இல்லை என்கிறேன். 12 வருடம் அறிவியல் எடுத்துவிட்டு இப்போது துணை முதல்வராக இருக்கிறேன், அதாவது நீங்கள் திட்டும் கட்சி. காலையில் பள்ளிக்குள் நுழையும்போதே மூன்று பேர் லீவு. அவர்கள் வகுப்புக்கு ஆள் போட வேண்டும், போடப்பட்டவர் முகம் சுளிப்பார். வாசலில் ஒரு அப்பா கத்திக்கொண்டிருப்பார். ஒரே வகுப்பைப் பங்கு போட்டு எடுக்கும் இரண்டு ஆசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, அதையும் நான்தான் தீர்க்க வேண்டும். இதில் எந்த இடத்தில் உங்கள் கணக்குத் திறமை கை கொடுக்கும்? லாரன்ஸ் பீட்டர் 1969-ல் ‘பீட்டர் பிரின்சிபிள்’ என்ற புத்தகத்தில் சொன்னதுதான்: செய்யும் வேலையில் கெட்டிக்காரராக இருப்பவரை மேலே மேலே ஏற்றி, கடைசியில் அவருக்கு வராத வேலையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறார்கள். பீட்டரும் ஆசிரியராக இருந்தவர்தான் என்பதைக் கவனியுங்கள்.

கரும்பலகை:
பீட்டர் சொன்னது என் பக்கத்துக்கும் பொருந்துமே. பதிவேடு எழுதுவதில் கெட்டிக்காரர் துறைத் தலைவர் ஆனால் மட்டும் சரியாகிவிடுமா?

கடைசி பெஞ்ச்:
நான் வேலையை விட்டு வந்தவன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். இரண்டு பேருமே ஒரே ஏணியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். சிங்கப்பூரில் 2001-லேயே ஆசிரியர்களுக்கு மூன்று பாதைகள் வகுத்தார்கள்: கற்பித்தல், தலைமை, துறை வல்லுநர். கற்பித்தல் பாதையில் போகிறவர் முதல்வர் நாற்காலியைத் தேடாமலே சீனியர் டீச்சர், லீட் டீச்சர், மாஸ்டர் டீச்சர் என்று பிரின்சிபல் மாஸ்டர் டீச்சர் வரை உயரலாம். அவருடைய வேலை மற்ற ஆசிரியர்களை வளர்த்தெடுப்பது. இப்படி ஒன்று இருந்திருந்தால் நானும் இன்று வகுப்பில் இருந்திருப்பேன்.

மணியும் அட்டவணையும்:
கேட்க நன்றாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1998-ல் கிட்டத்தட்ட இதே யோசனையோடு ‘அட்வான்ஸ்டு ஸ்கில்ஸ் டீச்சர்’ என்று ஒரு பதவி கொண்டுவந்தார்கள். வாரத்தில் நான்கு நாள் சொந்தப் பள்ளி, ஒரு நாள் வெளி ஆசிரியர்களுக்கு உதவி என்பதுபோல. 2013-ல் சம்பள விதிகளை மாற்றியபோது அந்தப் பதவியே போய்விட்டது. சம்பளத்தைப் பள்ளியே முடிவு செய்யலாம் என்று வந்தபின், இப்படித் தனியாக ஒரு பதவி எதற்கு என்று நினைத்தார்கள்.
அதைவிடப் பெரிய சிக்கல், சிறந்த ஆசிரியர் யார் என்று எதை வைத்து முடிவு செய்வது? தேர்ச்சி சதவீதத்தை வைத்தா? வைத்த மறுநாளே எல்லாரும் தேறாத பிள்ளையை அடுத்த செக்‌ஷனுக்குத் தள்ளப் பார்ப்பார்கள்.

கடைசி பெஞ்ச்:
தேர்ச்சி சதவீதத்தை யார் கேட்டார்கள்? ஸ்டாஃப் ரூமில் போய்க் கேளுங்கள். உங்கள் பிள்ளையை யார் வகுப்பில் போடுவீர்கள் என்று. ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும், எந்தப் படிவமும் வேண்டாம்.

மணியும் அட்டவணையும்:
ஸ்டாஃப் ரூமில் கேட்டால் யாருக்கு நண்பர்கள் அதிகம் என்பதும் சேர்ந்தே வரும். சரி, அதை விடுங்கள். கரும்பலகை சார், ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. அந்தப் பதவிக்கு நீங்கள் விண்ணப்பித்தீர்களா?

கரும்பலகை:
இந்த முறை விண்ணப்பித்தேன். ஐந்து வருடம் முன்பு அவர்களே கூப்பிட்டுக் கேட்டபோது வேண்டாம் என்றேன். வாரத்துக்கு 28 பீரியட் இருந்தது, அது 14 ஆகிவிடும் என்றார்கள். அந்த வருடம் எனக்குக் கிடைத்த பத்தாம் வகுப்பை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மணியும் அட்டவணையும்:
பாருங்கள்! நாங்கள் கேட்டால் வேண்டாம் என்கிறீர்கள், வேறு ஒருவருக்குக் கொடுத்தால் அநியாயம் என்கிறீர்கள். பதிவேடு எழுதுபவரையும் கொஞ்சம் மதியுங்கள், அவர் எழுதுவதால்தான் நீங்கள் நிம்மதியாகப் பின்னம் நடத்துகிறீர்கள்.

கரும்பலகை:
இது நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்த முறை ஏன் விண்ணப்பித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் எட்டாம் வகுப்புக் கணக்கை ஐந்து நாளும் கடைசி பீரியடில் போட்டிருக்கிறார்கள். விகிதம் நடத்தாமலே சதவீதம் நடத்தச் சொல்லிப் பாடத்திட்ட வரிசையை மாற்றினார்கள். மிகவும் பின்தங்கிய செக்‌ஷனைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்தார்கள், இரண்டு மாதத்தில் அந்தப் பெண் ஸ்டாஃப் ரூமில் அழுதுகொண்டிருந்தார். இந்த மூன்றில் ஒன்றைக்கூட 19 வருடம் கணக்கு எடுத்தவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வைக்க அந்த நாற்காலி ஒன்றுதான் வழி என்று தோன்றியது, அதனால் கேட்டேன். சம்பள வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை.

மணியும் அட்டவணையும்:
ஐந்து நாளும் கடைசி பீரியடா? அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சாதாரணமாக ஆய்வகத்தையும் மைதானத்தையும் முதலில் அடைத்துவிட்டு மிச்ச இடத்தில் மற்றதைப் போடுவோம். அப்படித்தான் வந்து விழுந்திருக்கும், வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால், என் அட்டவணையையும் நான் எந்த ஆசிரியரிடமும் காட்டிவிட்டுப் போட்டதில்லை. காட்டினால் ஆளுக்கொரு மாற்றம் கேட்பார்கள் என்ற பயம்.

கடைசி பெஞ்ச்:
கேட்கத்தான் செய்வார்கள். நான் வேலையை விட்டதும் இப்படி ஒரு அட்டவணையால்தான்.

கரும்பலகை:
புதிய துறைத் தலைவர் இன்று வந்து, ‘உங்கள் வகுப்பில் ஒரு நாள் உட்காரட்டுமா, கொஞ்சம் கற்றுக்கொள்கிறேன்’ என்றார். வரச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை, எட்டாம் வகுப்பு, கடைசி பீரியட்.