பஹிர் தாரில் கறிக்கடை பூட்டியிருந்த 55 நாள்

வீட்டுக்காரருக்கு எத்தியோப்பியாவில் பேராசிரியர் வேலை. தானா ஏரிக்கரையில் பஹிர் தார் ஊரில் குடியிருந்தோம். அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் மாசம் ஒரு திங்கட்கிழமை கறி வாங்கக் கிளம்பினேன். மாட்டுத் தொடை தொங்கும் கொக்கிகள் வெறுமையாக இருந்தன. வெட்டுக்கட்டையைக் கழுவிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். ஏதோ துக்கம் போல என்று அடுத்த கடைக்குப் போனால் அங்கேயும் பூட்டு.

வீட்டு உரிமையாளர் அம்மாதான் விளக்கினார். எமாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். "ஹுடாடே தொடங்கியாச்சும்மா. இனி ஃபாசிகாவுக்குத்தான் கறி."

ஹுடாடே, ஃபாசிகா என்கிற ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அப்போது கறி, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடமாட்டார்கள். புதன், வெள்ளியும் மற்ற நோன்புகளும் சேர்த்தால் வருஷத்தில் சுமார் 180 நாள் வரும். ஆப்பிரிக்காவிலேயே ஆடுமாடு அதிகமுள்ள நாடு, ஆனால் ஆளுக்குக் கறி கொஞ்சம்தான். வறுமை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் கையில் காசு இருப்பவர்களும் தோசை மாதிரியான இன்ஜெராவோடு ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்பு, பருப்பு, கீரை என்று சாப்பிட்டதை நான் தினமும் பார்த்தேன்.

பசுவுக்கு நோன்பு தெரியாதே! எமாமாவின் தங்கையிடம் இரண்டு கறவை மாடு. வாடிக்கையாகப் பால் எடுக்கும் காபிக்கடை நிறுத்திவிட்டது. அவர் சுரைக்குடுக்கையில் தயிரை ஊற்றி மடியில் வைத்து ஆட்டி ஆட்டி வெண்ணெய் எடுத்தார். மசாலா போட்டு உருக்கிப் பண்டிகைக்கு எடுத்து வைத்தார். மீன்காரர்களுக்கோ இதுதான் நல்ல காலம். நோன்பில் மீன் சாப்பிடலாமா என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. மகன் சாப்பிடுவார், எமாமா தொடமாட்டார்.

முஸ்லிம் கறிக்கடைகள் திறந்தே இருந்தன. ஒருவர் அறுத்ததை மற்றவர் சாப்பிடுவதில்லை என்பதால் கடைகளும் தனித்தனி. பன்றிக்கறி இரண்டு பேருக்குமே ஆகாது, சந்தையில் அதைப் பார்த்த ஞாபகமே இல்லை. ஒரு நாள் அங்கே ஆட்டுக்கறி வாங்கி வந்து குழம்பு வைத்தேன். முற்றம் முழுக்க வாசனை. எமாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை, எழுந்துபோய்த் தன் ஜன்னலை மட்டும் சாத்தினார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஃபாசிகா வரை எங்கள் வீட்டிலும் கறி ஏறவில்லை.

ஃபாசிகாவுக்கு அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு காளை வாங்கினார்கள். இதற்குக் கிர்ச்சா என்று பேர். ஈரல், தொடை, எலும்பு எல்லாம் எல்லாக் குவியலிலும் வருகிற மாதிரி இலைமேல் பங்கு போட்டுச் சீட்டு எடுத்தார்கள். நாங்கள் பணம் கட்டவில்லை. ஆனாலும் எமாமா தன் பங்கிலிருந்து ஒரு கிண்ணம் நிறைய எடுத்து, மூடிக் கொண்டுவந்து கொடுத்தார்.