குட்டை மேல் நெட்டை

குழு: தேவி குழந்தைக்குப் போர்வை
உறுப்பினர்கள்: பெரியம்மா, அம்மா, சித்தி, கவிதா, குமரன்

*சனிக்கிழமை*

கவிதா, காலை 9:04
வணக்கம் பெரியம்மா. படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். நேற்று இரவு 11 மணி வரை உட்கார்ந்து குரோஷே ஊசியில் போர்வைக்கு 8 வரி போட்டேன். நீங்கள் போனில் சொன்ன மாதிரி ஒரு டபுள் கண்ணி, ஒரு டிரெபிள் கண்ணி என்று மாற்றி மாற்றித்தான் போட்டேன். உங்கள் மாதிரித் துண்டில் மணி மணியாக மேடு இருந்ததே, அது வரவே இல்லை. கொசுவலை மாதிரி தொளதொளவென்று கிடக்கிறது.

கவிதா, காலை 9:05
இன்னொன்று. அடியில் அகலமாக ஆரம்பித்தது, மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே வருகிறது.

அம்மா, காலை 9:11
கண் சிவக்கச் சிவக்க உட்கார்ந்திருந்தாள் அக்கா. பிரிக்கச் சொல்லிவிடாதீர்கள்.

பெரியம்மா, காலை 9:26
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் கவி. நூலின் இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. புதிதாகப் பழகுகிற கைக்கு அது சுலபமாக வராது. சரி, ஒரு சந்தேகம். டபுள் என்றால் நீ எப்படிப் போடுகிறாய்? அப்படியே எழுது.

கவிதா, காலை 9:29
ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, கண்ணிக்குள் விட்டு நூலை இழுப்பேன். ஊசியில் 3 வளையம் இருக்கும். இரண்டு இரண்டாகக் கழற்றுவேன். யூடியூப்பில் அப்படித்தான் காட்டினார்கள்.

பெரியம்மா, காலை 9:41
கிடைத்துவிட்டது. தவறு உன் கையில் இல்லை, நான் சொன்ன பேரில் இருக்கிறது. நான் தோட்டத்தில் டிரஸர், அதாவது மருந்து கொடுப்பவர், வீட்டு அம்மாவிடம் கற்றவள். அவரிடம் இருந்தது இங்கிலாந்தில் அச்சான புத்தகம். ஆங்கிலேயர் டபுள் என்று சொல்வதை அமெரிக்கர் சிங்கிள் என்பார்கள். ஆங்கிலேயருடைய டிரெபிள்தான் அமெரிக்கருக்கு டபுள். எல்லாம் ஒரு படி தள்ளிப் போகும். நீ பார்த்தது அமெரிக்கப் பாடம். அதனால் உன் கண்ணி எல்லாமே ஒரு படி உயரமாகிவிட்டது. உயரமான கண்ணி வரிசையாக நின்றால் தொளதொளக்கத்தான் செய்யும்.

குமரன், காலை 9:44
அப்படியென்றால் எது எந்த நாட்டுப் பாடம் என்று எப்படித் தெரியும் பெரியம்மா?

பெரியம்மா, காலை 9:50
சிங்கிள் என்ற சொல் வந்தால் அமெரிக்கப் பாடம் என்று எடுத்துக்கொள். இந்தக் காலத்து இங்கிலாந்துப் பாடங்களில் அந்தச் சொல்லைப் பார்க்க முடியாது. ஆனால் நமக்கு அந்த இரண்டு பேரும் வேண்டாம். நாம் குட்டை, நெட்டை என்றே வைத்துக்கொள்வோம்.

பெரியம்மா, காலை 9:58
குட்டை: நூலைச் சுற்றாதே. ஊசியை நேராகக் கண்ணிக்குள் விடு, நூலைப் பிடித்து இழு, 2 வளையம் இருக்கும். மறுபடி நூலைப் பிடித்து இரண்டையும் ஒரே இழுப்பில் கழற்று.
நெட்டை: நீ டபுள் என்று நினைத்துப் போட்டாயே, அதுதான்.

முதல் வரியில் ஒரு குட்டை, ஒரு நெட்டை, ஒரு குட்டை, ஒரு நெட்டை. அடுத்த வரியில் குட்டையின் தலையில் நெட்டை, நெட்டையின் தலையில் குட்டை. போர்வை முடியும் வரைக்கும் இவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை.

கவிதா, காலை 10:02
மேடு எங்கிருந்து வரும்?

பெரியம்மா, காலை 10:07
நெட்டைக்கு இரண்டு பக்கமும் குட்டை நிற்கிறது இல்லையா, மேலேயும் கீழேயும் குட்டைதான். நிமிர இடம் இல்லாமல் அதன் முதுகு வளைந்து வெளியே தள்ளும். அந்த முதுகுதான் மணி. இங்கிலீஷில் இதற்கு எலுமிச்சைத் தோல் என்று பேர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஓட்டை இல்லாத பின்னல், குழந்தை விரல் மாட்டாது. அதனால்தான் உனக்கு இதைச் சொன்னேன்.

அம்மா, காலை 10:10
குறுகுவது ஏன் அக்கா?

பெரியம்மா, காலை 10:19
கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறாள். வரி முடிகிற இடத்தில் அது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, இல்லாத மாதிரியே இருக்கும். 8 வரியில் 8 கண்ணி போய்விட்டது. கவி, சிவப்பு நூலில் விரல் நீளத்துக்கு 2 துண்டு வெட்டிக்கொள். வரியின் முதல் கண்ணியில் ஒன்று, கடைசிக் கண்ணியில் ஒன்று மாட்டிவை. வரி மாறும்போது அதையும் மேலே மாற்று. சிவப்பு மாட்டியிருக்கிற கண்ணியில் ஊசி போகாமல் திரும்பாதே.

கவிதா, காலை 10:24
பிரித்துவிடுகிறேன் பெரியம்மா. அம்மா, வருத்தப்படாதீர்கள்.

பெரியம்மா, காலை 10:31
பிரித்த நூல் சுருள் சுருளாக வரும். அப்படியே போடாதே, கண்ணி கோணும். நாற்காலி முதுகில் சுற்றி, 4 இடத்தில் தளர்வாகக் கட்டி எடுத்து, தண்ணீரில் நனைத்து, நிழலில் தொங்கவிடு. நாளைக்குள் நேராகிவிடும்.

குமரன், மதியம் 1:15
நான் ஈப்போவில் நூல் கடையில் நிற்கிறேன். மில்க் காட்டன் வாங்கவா, அக்ரிலிக்கா? மில்க் காட்டன்தான் தொட்டால் மெத்தென்று இருக்கிறது.

பெரியம்மா, மதியம் 1:18
நம் பீடோர் வெயிலுக்கு என்றால் காட்டன் என்பேன். தேவி அக்கா இருப்பது கேமரன் மலையில், ரிங்லெட்டில். விடியற்காலையில் பல் கிட்டும். அங்கே காட்டன் போர்வையைத் துவைத்துப் போட்டால் பனியில் காயாது, நனைந்தால் கனமும் அதிகம். அக்ரிலிக் வாங்கு. உருண்டையின் பட்டியில் நூலின் தடிமன் எண் 4 என்று இருக்க வேண்டும், ஊசி 5.5 மில்லிமீட்டர். 100 கிராம் உருண்டையில் 200 மீட்டர் வரும். 75க்கு 90 சென்டிமீட்டர் போர்வைக்கு 5 உருண்டை, கைக்கு ஒன்று சேர்த்து 6.

குமரன், மதியம் 1:22
வீட்டில் 2 இருக்கிறதே, 4 போதாதா?

பெரியம்மா, மதியம் 1:25
கவி, பழைய பட்டியில் லாட் எண்ணைப் பார்த்துச் சொல். சாயம் ஒரே தொட்டியில் தோய்த்ததா என்று அந்த எண்தான் சொல்லும்.

கவிதா, மதியம் 1:33
குமரன் அனுப்பிய படத்தோடு ஒத்துப் பார்த்தேன். வேறு எண். கடை வெளிச்சத்தில் ஒரே மஞ்சளாகத்தான் தெரிகிறது.

பெரியம்மா, மதியம் 1:36
வெயிலில் விரித்தால் கோடு தெரியும். புதிதாக 6 வாங்கட்டும். பழைய 2 உருண்டை சுற்றுக்கரைக்கு ஆகும், அங்கே நிறம் மாறினால் அழகுதான்.

சித்தி, மாலை 4:47
இப்போதுதான் வேலை முடிந்தது. ஒன்று சொல்ல வேண்டும். கிளினிக்கில் தாய்மாருக்கு நாங்கள் தினமும் சொல்வது இது: ஒரு வயது ஆகும் வரை குழந்தை தூங்குகிற இடத்தில் தளர்வான போர்வை, தலையணை எதுவும் கூடாது. முகத்தில் ஏறிவிட்டால் குழந்தைக்கு விலக்கத் தெரியாது. தேவிக்கு இதைக் கொடுக்கும்போது நானே சொல்கிறேன்.

அம்மா, மாலை 4:52
அப்படியானால் எதற்கு இவ்வளவு பாடு?

சித்தி, மாலை 4:58
வீணாகாது அக்கா. விழித்திருக்கும்போது மடியில் வைத்துப் போர்த்தலாம். குப்புறப் போட்டுப் பழக்கும்போது தரையில் விரிக்கலாம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அந்த மலையில் சிமெண்டுத் தரை எப்படிச் சில்லிடும் என்று போனவர்களுக்குத் தெரியும். வயது ஏறினால் அவனே இழுத்துக்கொண்டு திரிவான்.

பெரியம்மா, மாலை 5:10
நல்ல வேளை, ஆரம்பிக்கும் முன்பே சொன்னாய். கரையில் குஞ்சம் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன், வேண்டாம். பிள்ளை வாயில் வைத்து இழுப்பான். கவி, நூல் மாறும் இடத்தில் 15 சென்டிமீட்டர் வால் விட்டு, தையல் ஊசியில் கோத்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று 3 முறை கண்ணிக்குள் ஓட்டு. முடிச்சை மட்டும் நம்பாதே.

*ஞாயிற்றுக்கிழமை*

கவிதா, மாலை 3:20
நூல் காய்ந்துவிட்டது. பழைய நூலில் சின்னத் துண்டு போட்டுப் பார்த்தேன். 20 கண்ணிக்கு 15 சென்டிமீட்டர். மணி வருகிறது பெரியம்மா! விரலால் தடவினால் அரிசி பரப்பின மாதிரி இருக்கிறது.

பெரியம்மா, மாலை 3:34
அப்போது 75 சென்டிமீட்டருக்கு 100 கண்ணி. அடிக்குச் சங்கிலிக் கண்ணி 101 போடு, ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை விட்டு இரண்டாவதில் முதல் குட்டை. சங்கிலிக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் ஊசி எடு, அடி இறுகினால் போர்வை விசிறி மாதிரி விரியும். ஒவ்வொரு வரியும் குட்டையில் ஆரம்பித்து நெட்டையில் முடிய வேண்டும். திரும்பும்போது போடுகிற ஒரு சங்கிலியைக் கண்ணிக் கணக்கில் சேர்க்காதே.

*செவ்வாய்க்கிழமை*

கவிதா, இரவு 9:48
10 வரி. படம் பாருங்கள். 100 கண்ணி, 2 தடவை எண்ணினேன்.

அம்மா, இரவு 9:50
நானும் எண்ணினேன் அக்கா. 100தான்.

பெரியம்மா, இரவு 9:57
இரண்டு ஓரமும் சுவர் மாதிரி நிற்கிறது. சிவப்பு நூல் இடது பக்கம் இன்னும் 9ஆம் வரியில் தொங்குகிறது, அதை மேலே ஏற்றிவிட்டுப் படு.