டி.ஆர்.எம். என்பதற்கு 'அனுமதிப் பூட்டு' சரிவருமா?

அனுப்புவது: உப்புவெளி, திருகோணமலை

குழுமத்தாருக்கு வணக்கம்.

இங்கே உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கணினி விளையாட்டுத் துறை பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். களவுப் பிரதி, ஊடுருவல், தணிக்கை என்று மூன்று பகுதி. மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லுக்குத்தான் தமிழ் அமையவில்லை: டி.ஆர்.எம். ஆங்கிலத்தில் 'டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட்'; விளையாட்டைப் படியெடுக்கவோ நிறுவனம் விரும்பாத விதத்தில் ஓட்டவோ விடாமல் தடுக்கும் ஏற்பாடு.

'எண்ணிம உரிமை மேலாண்மை' என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் பாடநூல் நடையில் 'இலக்கமுறை உரிமை முகாமைத்துவம்' என்று வரும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழையில்லை. ஆனால் இதை வாசிக்கும் பிள்ளை, தன் உரிமையை யாரோ பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் விளங்கிக்கொள்ளும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆங்கிலத்திலேயே அந்த நடு எழுத்தை 'உரிமை' என்று விடாமல் 'கட்டுப்பாடு' என்று விரித்துச் சொல்வது இதனால்தான்.

நான் முன்வைப்பது 'அனுமதிப் பூட்டு'.

'பூட்டு' பற்றி அதிகம் தகராறு வராது என்று நினைக்கிறேன். 'அனுமதி' எதற்கு என்றுதான் கேட்பீர்கள். வீட்டுப் பூட்டை, திறப்பு வைத்திருப்பவர் எப்போதும் திறக்கலாம். பூட்டு விற்ற கடைக்காரரிடம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை. இந்தப் பூட்டு கேட்கும்.

2010 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். யூபிசொஃப்ட் நிறுவனம் 'அசாசின்ஸ் கிரீட் 2' கணினிப் பதிப்பை, இணையத் தொடர்பு இருந்தால் மட்டுமே ஓடும்படி விற்றது. நடுவில் தொடர்பு அறுந்தால் விளையாட்டும் நின்றுவிடும். வெளிவந்த சில நாட்களிலேயே அந்தத் தொடர்பைச் சரிபார்க்கும் நிறுவனத்தின் சேவையகங்களை (சர்வர்) யாரோ தாக்கினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள், தனியாளாக விளையாடும் ஒரு விளையாட்டுக்குள் போக வழியில்லாமல் வெளியே நின்றார்கள். 2013 இல் 'சிம்சிட்டி' வந்தபோது தாக்குதல்கூடத் தேவைப்படவில்லை. கூட்டம் தாங்காமல் சேவையகம் தானாகவே படுத்துவிட்டது. இணைப்பில்லாமல் விளையாடும் வசதி 2014 மார்ச்சில்தான் வந்தது. மாரி மழைக்கு இங்கே இணைப்பு எத்தனை தரம் விழும் என்று திருமலைக்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்?

இதைவிடப் பெரிய கதை 'தி குரூ'. 2014 இல் வெளிவந்த கார்ப் பந்தய விளையாட்டு. 2024 மார்ச் 31 அன்று யூபிசொஃப்ட் அதன் சேவையகத்தை மூடியது. பிறகு வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்தும் அதை எடுத்துவிட்டது. இறுவட்டாக (டிஸ்க்) வாங்கி அலுமாரியில் வைத்திருப்பவருக்கும் இனி அது வெறும் பிளாஸ்டிக். அந்தக் கோபத்தில் கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனுவில் 2025 இல் ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கும் மேலானோர் ஒப்பமிட்டார்கள். கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும் இதையே தொடுகிறது: கொடுப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தான் வைக்கக் கூடாது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை அதற்கு முன்பே, காசு செலுத்தும் இடத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. ஆக, கொடுப்பது அனுமதி, கேட்பதும் அனுமதி, பறிப்பதும் அனுமதி. பூட்டுக்கு வேறு பெயர் எதற்கு?

இதோடு சேர்ந்து 'ரீஜன் லாக்', அதாவது சில நாடுகளில் மட்டும் வாங்கவோ விளையாடவோ விடும் பூட்டு, என்பதற்கு 'வலயப் பூட்டு' என்று வைக்கலாம். வலயக் கல்வி அலுவலகம் தெரிந்த பிள்ளைக்கு வலயம் புதிய சொல் அல்ல. எங்களுக்கு இது ஏட்டு விசயமும் அல்ல. சோனியின் இணைய விளையாட்டுச் சேவையான பிளேஸ்டேஷன் வலையமைப்பில் கணக்குத் திறக்கும்போது வரும் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கே விளையாடுகிற பொடியன்கள் இந்தியா என்றோ சிங்கப்பூர் என்றோ போட்டுத்தான் திறக்கிறார்கள். 2024 மே மாதத்தில் 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டைக் கணினியில் விளையாடவும் அந்தக் கணக்குக் கட்டாயம் என்று சோனி அறிவித்தபோது, அது திறக்க முடியாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் விற்பனையே நிறுத்தப்பட்டது. உலகம் முழுக்கக் கத்தியதில் சில நாட்களில் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள்.

கடைசியாக 'கிராக்', அதாவது அந்தப் பூட்டை வேலைசெய்யாமல் ஆக்குவது. 'பூட்டுடைப்பு' என்று போடலாமா? பொடியன்கள் 'கிராக் அடிச்சது' என்கிறார்கள். அது பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்துக்கு ஒன்று வேண்டும்.

அனுப்புவது: கோவை

உப்புவெளி நண்பருக்கு,

பூட்டு சரி. அனுமதிதான் இடிக்கிறது. 'உரிமம்' என்று நல்ல சொல் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? ஓட்டுநர் உரிமம், தொழில் உரிமம் எல்லாம் இங்கே அன்றாடம் புழங்குபவை. நீங்கள் சொன்ன கலிபோர்னியச் சட்டம் பேசுவதே உரிமத்தைப் பற்றித்தான். 'உரிமப் பூட்டு' என்றால் சட்டப் பொருளும் வந்துவிடும். அனுமதி என்பது பள்ளியில் தண்ணீர் குடிக்கப் போகக் கேட்பது போல இலேசாக இருக்கிறது.

அப்புறம், எல்லாப் பூட்டும் அனுமதி கேட்பதில்லையே! தட்டு உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்த பழைய பூட்டுகள் எந்தச் சேவையகத்தையும் கேட்கவில்லை. அவற்றை எங்கே வைப்பீர்கள்?

உங்கள் கடிதத்தில் படைப்பாளியின் பக்கம் கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2013 இல் 'கேம் டெவ் டைக்கூன்' வெளியிட்ட கிரீன்ஹார்ட் கேம்ஸ் இரண்டு சகோதரர்கள் நடத்திய குட்டி நிறுவனம். தங்கள் விளையாட்டை எப்படியும் திருடுவார்கள் என்று தெரிந்து, தாங்களே ஒரு பிரதியை, கள்ளப் பிரதிகள் பகிரப்படும் டொரன்ட்டில் ஏற்றிவிட்டார்கள். விளையாடுபவர் ஒரு கேம் கம்பெனி நடத்த வேண்டும் என்பதுதான் அந்த விளையாட்டு. டொரன்ட் பிரதியில் மட்டும் கம்பெனி நன்றாக வளர்ந்து வரும்போது, எல்லோரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்கிறார்கள் என்று அறிவிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் திவால். அதைத் திருடி இறக்கியவர்களே மன்றங்களில் போய், கள்ளப் பிரதியால் நட்டமாகிறதே, விளையாட்டுக்குள் டி.ஆர்.எம். கண்டுபிடிக்க வழியிருக்கிறதா என்று கேட்டார்கள். இதைக் கையேட்டில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

'பூட்டுடைப்பு' எனக்குப் பிடித்திருக்கிறது.

அனுப்புவது: திருகோணமலை நகர்

தம்பிக்கும் கோவை ஐயாவுக்கும் வணக்கம்.

நான் விளையாடுகிறவள் இல்லை; தமிழ் படிப்பித்தவள். 'உடைப்பு' வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தில் என் வயதுக்காரருக்கு உடைப்பு என்றால் 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைத்துக்கொண்டு போனதுதான் நினைவு. பெருக்கு, அழிவு, சாவு எல்லாம் அந்தச் சொல்லில் இருக்கிறது. பத்திரிகையிலோ 'வீடு உடைத்து நகை களவு' என்று வரும். பூட்டுடைப்பு என்று எழுதினால், செய்தவன் கள்ளன் என்று சொல்லே தீர்ப்புக் கொடுத்துவிடுகிறது. கலைச்சொல்லுக்கு அந்த வேலை எதற்கு? தம்பி சொன்ன அந்தக் கார் விளையாட்டை, காசு கொடுத்து வாங்கியவன் மூடிய பிறகு எப்படியாவது ஓடச் செய்தால் அவனும் வீடு உடைத்தவன்தானா?

'கழற்றல்' பாருங்கள். பூட்டைக் கழற்றுவது. ஆசாரியும் கழற்றுவார், கள்ளனும் கழற்றுவான். அதற்கான கோப்பு 'பூட்டுக்கழற்றி'.

இன்னொன்று. போலித் தொடரிலக்கம் உண்டாக்கித் தரும் செய்நிரல் ஒன்றும் இருக்கிறதாமே, மகன் சொன்னான். அதற்கு 'கள்ளத்திறப்பு' அப்படியே பொருந்தும். எங்களுக்குத் திறப்பு என்றால் சாவி. கோவையில் திறத்தல் என்று எடுத்துக்கொண்டாலும் கள்ளத்தனமாகத் திறப்பதுதானே, கெட்டுப்போகாது.

அனுப்புவது: உப்புவெளி, திருகோணமலை

டீச்சர், கழற்றல் கச்சிதம். எடுத்துக்கொண்டேன். அதற்கு ஆதாரமாக ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2008 இல் 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2' விளையாட்டை இணையத்தில் இறக்கி வாங்கியவர்களுக்கு, திருத்தம் ஒன்றைப் போட்ட பிறகு விளையாட்டு இறுவட்டைக் கேட்டு நின்றது. இறக்கி வாங்கியவரிடம் ஏது இறுவட்டு? யூபிசொஃப்டின் உதவிப் பக்கத்திலிருந்தே அதற்கு ஒரு கோப்புக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே 'ரீலோடட்' என்ற கழற்றும் குழுவின் பெயர்! பூட்டுப் போட்ட நிறுவனமே கள்ளக் குழுவின் பூட்டுக்கழற்றியை எடுத்துத் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கிறது. இதைப் 'பூட்டுடைப்பு' என்றால் யார் வீட்டை யார் உடைத்தது? 2008 இலேயே போலந்திலிருந்து தொடங்கிய 'கோக்' கடை, பூட்டே இல்லாத விளையாட்டுகளைத்தான் விற்கிறது. வெளியீட்டாளரே சில மாதம் கழித்துப் பூட்டை எடுத்துவிடுவதும் நடக்கிறது. அதை 'பூட்டு நீக்கம்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

கோவை ஐயா, உரிமத்துக்கு வருகிறேன். இலங்கையில் உரிமம் புழக்கத்தில் இல்லை. வாகனம் ஓட்ட நாங்கள் வைத்திருப்பது சாரதி அனுமதிப்பத்திரம். உங்கள் உரிமமும் எங்கள் அனுமதிப்பத்திரமும் ஒன்றுதான். அதனால் அனுமதி எங்கள் காதுக்கு இலேசான சொல் இல்லை. பொலிஸ்காரர் மறித்தால் அது கையில் இருக்க வேண்டும். அதைவிட, உரிமம் என்று எழுதினால் வாசிக்கிற கண் அதை உரிமை என்றே படிக்கும். எந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர வேண்டும் என்று தொடங்கினோமோ அதற்குள்ளேயே போய் விழுவோம். அனுமதி என்றால் தமிழ்நாட்டில் யாருக்காவது விளங்காமல் போகுமா? உரிமம் இங்கே பாதிப் பேருக்கு விளங்காது.

பழைய தட்டுப் பூட்டு பற்றிய கேள்வி நியாயமானது. அது அனுமதிப் பூட்டு அல்ல என்றே சொல்கிறேன். 'இறுவட்டுப் பூட்டு' என்று பிரித்துவிடுவோம். நடுவில் நிற்பது 2008 இன் 'ஸ்போர்'. செக்யூரொம் என்ற பூட்டைப் போட்டு, முதலில் 3 கணினிகளுக்கு மேல் செயற்படுத்த முடியாது என்றார்கள். கோபத்தில் வாங்கியவர்கள் அமேசானில் ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டினார்கள். களவாக இறக்கியவருக்கு அந்த எண்ணிக்கை வரம்பே இல்லை. அது சேவையகத்தைக் கேட்டு எண்ணியதால் அனுமதிப் பூட்டில்தான் சேர்க்க வேண்டும். டெனுவோ என்ற காப்பு மென்பொருள் இன்னொரு வகை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தொடங்கி, 2014 இல் 'ஃபிஃபா 15' காலத்தில் பெயர் வாங்கியது. தாங்கள் டி.ஆர்.எம். அல்ல, அதை யாரும் கழற்றாமல் காப்பவர்கள் என்றுதான் அவர்களே சொல்வார்கள். 'கழற்றல் தடுப்பு' என்று போட்டுவிடலாம்; டீச்சர் கொடுத்த சொல் அங்கேயும் உதவுகிறது.

கிரீன்ஹார்ட் கதை கட்டாயம் சேரும், ஐயா. முதல் பகுதியிலேயே வைக்கிறோம்.

ஹேக் என்பதை இவற்றோடு கலக்க விடக்கூடாது. 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் வலையமைப்புக்குள் புகுந்து ஏழு கோடியே எழுபது இலட்சம் கணக்குகளின் விபரங்களைத் தொட்டார்களே, அங்கே எந்த விளையாட்டின் பூட்டும் கழறவில்லை. ஆட்களின் பெயரும் முகவரியும்தான் வெளியே போனது. அது 'ஊடுருவல்'. கொந்தல் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும், எனக்குச் சண்டையில்லை.

தணிக்கையில்தான் இன்னும் ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. 2017 இல் 'வொல்ஃபென்ஸ்டைன் 2' விளையாட்டின் ஜெர்மன் பதிப்பில் சுவஸ்திகாவை எடுத்தார்கள், ஹிட்லரின் மீசையையும் எடுத்தார்கள். அடுத்த ஆண்டே விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் கொடுக்கும் அங்கத்தைய அமைப்பு அந்தச் சின்னங்கள் பற்றிய நிலைப்பாட்டைத் தளர்த்தியது. உள்ளே வெட்டினார்கள்; அது தணிக்கை, சரி. ஆனால் தாய்வானின் 'டிவோஷன்'? சீனத் தலைவரைக் கேலி செய்யும் ஒரு படம் உள்ளே இருந்தது என்று 2019 பெப்ரவரியில் புயல் கிளம்பி, விளையாட்டே ஸ்டீமிலிருந்து போனது. 2020 டிசம்பரில் கோக் கடை விற்கப்போவதாக அறிவித்து அன்றைக்கே பின்வாங்கியது. கடைசியில் 2021 இல் செய்தவர்கள் தங்கள் சொந்தத் தளத்தில் விற்றார்கள். அந்தப் படத்தை எடுத்த பிறகும் கடைகள் சேர்க்கவில்லை என்றால் அது தணிக்கையும் அல்ல, வலயப் பூட்டும் அல்ல. 'கடைவிலக்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன். கள்ளுக்கடை மறியல் நினைவு வருகிறது என்று இங்கே ஒருவர் சிரித்தார்.

அதற்கு வேறு சொல் இருந்தால் தாருங்கள். மற்றவற்றை இப்படியே கையேட்டில் போடுகிறேன்: அனுமதிப் பூட்டு, வலயப் பூட்டு இரண்டும் பிரித்து, ஒற்று மிகுந்து, பூட்டுக்கழற்றியும் கள்ளத்திறப்பும் சேர்த்து. யாழ்ப்பாணத்தாரும் மலேசிய அன்பர்களும் இன்னும் வாய் திறக்கவில்லை.