ஐம்பதுக்குப் பிறகு ஸ்கூட்டி: வலது பிரேக்கைத் தொடலாமா, கூடாதா?

நீல ஸ்கூட்டி
நேற்று இந்த மன்றத்தில் இன்னோர் இழையில் எம்டி90 என்பவர் எழுதியிருந்ததை வாசித்ததில் இருந்து மனம் ஆறவில்லை. அவர் சொன்னது இதுதான்: "ஐம்பது தாண்டி ஸ்கூட்டி பழக வருகிறவர்கள் வலது பிரேக்கை மறந்துவிட வேண்டும். இடது போதும். வலதைத் தொட்டால் குப்புறத்தான்." ஸ்கூட்டியில் வலது லீவர் முன்சில்லுக்கு, இடது பின்சில்லுக்கு.

எனக்கு 53. 2022இல் கொழும்பில் பெட்ரோல் கியூவில் நின்ற எல்லோருக்கும் அந்தக் காலம் நினைவிருக்கும். பெட்ரோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். வெள்ளவத்தையில் இருந்து பொரளைக்கு வேலைக்குப் போகிறவளுக்கு ஸ்கூட்டியில் அந்த 4 லீற்றரே கிழமையைக் கடத்தும். வாகன இறக்குமதியும் அப்போது நிறுத்தியிருந்ததால் பழைய ஸ்கூட்டி பெப் ஒன்றைத்தான் கொள்ளை விலை கொடுத்து வாங்கினேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பால் வான் வரும் முன்னர், எங்கள் ஒழுங்கையில் பழகினேன்.

லேனர்ஸில் (டிரைவிங் ஸ்கூலில்) பழக்கியவரும் இதே பாட்டுத்தான் பாடினார்: "மிஸ், இடது மட்டும்." சொன்னபடி கேட்டேன். மரைன் டிரைவில் ஒரு பொடியன் பந்துக்குப் பின்னால் ஓடிவந்தான். இடதை முழுக்கப் பிடித்தேன். பின்சில்லு பூட்டி, வண்டி மீன் வாலைப்போல ஆட்டி என்னைப் படுக்கவைத்தது. முழங்கையில் தையல். பொடியனுக்கு ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியம். அதற்குப் பிறகுதான் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழகினேன். இன்னும் விழவில்லை.

எம்டி90
தங்கச்சி, கோபிக்காதீங்கோ. நீங்கள் விழுந்தது பிரேக்கால் இல்லை, பதற்றத்தால். வலது கையில் என்ன இருக்கிறது? அக்சிலேட்டர். அதே கையில் பிரேக்கும். ஐம்பது வயதில் பழக வந்தவர் பயந்தால் கை இறுகும், மணிக்கட்டு கீழே போகும், பிரேக் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அக்சிலேட்டரை முறுக்குவார். என் கண்ணால் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். மரைன் டிரைவில் கடற்கரை மண் வேறு. அதன் மேல் ஹாண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக் அடித்தால் என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

40 வருஷமாக ஓடுகிறேன். யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடினவன். எனக்குப் பிரேக் சொல்லித்தர வேண்டாம்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்
மண்ணெண்ணெயில் ஓடின வண்டிக்குப் பிரேக் எதற்கு அண்ணை, அது தானாகவே நின்றுவிடுமே.

எம்டி90
நீ பிறக்க முதல் நடந்த கதை தம்பி. வாயை மூடிக்கொண்டு வாசி.

தெஹிவளை வாத்தியார்
ஒரு சின்ன வேண்டுகோள். "பழகியவர்" என்று யாரைச் சொல்கிறோம்? ட்ரையலில் எட்டுப் போட்டு லைசன்ஸ் எடுத்தவரையா, காலி வீதியில் மாலை ஐந்தரைக்கு ஓடுகிறவரையா? முதலில் அதைத் தீர்மானித்தால் பாதிச் சண்டை தீரும்.

எம்டி90
வலது பிரேக்கைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் என் பேச்சு.

நீல ஸ்கூட்டி
மண்ணில் முன்பிரேக்கை அடித்தால் விழுவார்கள், யார் இல்லை என்றது? அடிப்பது வேறு, மெல்ல அழுத்துவது வேறு. காய்ந்த தார் ரோட்டில் நேராகப் போகும்போது பிரேக் பிடித்தால் பாரம் முன்சில்லுக்குப் போகிறது. பின்சில்லு இலேசாகிவிடும். இலேசான சில்லை மட்டும் பிடித்து எப்படி வண்டியை நிறுத்துவது? இதற்கு மண்ணெண்ணெய் அனுபவம் தேவையில்லை. ஓடிவந்து நிற்கிறவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்தாலே போதும்.

155 பயணி
இரண்டு பேரும் தயவுசெய்து எந்தப் பிரேக்கையாவது பிடியுங்கள். பஸ்ஸில் இருந்து நான் இறங்கும்போது இடது பக்கத்தால் புகுந்து வருகிற ஸ்கூட்டிகள் ஒன்றையும் பிடிப்பதாகத் தெரியவில்லை. போன மாதம் பம்பலப்பிட்டியில் என் செருப்பின் மேலால் ஒன்று போனது.

கொட்டாஞ்சேனைப் பொடியன்
155 பஸ் நடுரோட்டில் நிறுத்திச் சனத்தை இறக்கினால் இடது பக்கத்தால்தான் வருவோம். டிரைவரிடம் கேளுங்கள்.

155 பயணி
நடைபாதையிலும் டிரைவரா ஏறச் சொன்னார்?

ஸ்பேனர்
பஞ்சிகாவத்தைப் பக்கம் கராஜ் வைத்திருக்கிறேன். ஒரு விஷயம் சொல்லலாமா? எல்லா ஸ்கூட்டியும் ஒன்றில்லை. பிறகு வந்த ஹொண்டா டியோ ஸ்கூட்டிகளில் கொம்பி பிரேக் இருக்கிறது. இடது லீவரைப் பிடித்தால் பின்னும் முன்னும் சேர்ந்தே பிடிக்கும். பழைய பெப்பில் அது கிடையாது, இடது என்றால் பின்சில்லு மட்டும்தான். ஆகவே அக்கா சொல்வது அவருடைய வண்டிக்கு முழுக்கச் சரி. கொம்பி இருக்கிற வண்டியிலும் அவசரத்துக்கு இரண்டையும் பிடிப்பதுதான் நல்லது.

எம்டி90
பார்த்தீர்களா, மெக்கானிக்கே சொல்லிவிட்டார், இடது போதும் என்று. நன்றி ஸ்பேனர்.

ஸ்பேனர்
அண்ணை, நான் அப்படிச் சொல்லவில்லை. கொம்பியில் இடதைப் பிடித்தாலும் முன்பிரேக் வேலை செய்கிறது என்றேன். நீங்கள் தொடக்கூடாது என்கிற அதே முன்பிரேக்.

எம்டி90
வலது லீவரைத் தொட்டார்களா? இல்லை. அப்போ நான் சொன்னது என்ன?

நீல ஸ்கூட்டி
ஐயோ.

கொட்டாஞ்சேனைப் பொடியன்
அண்ணை, ஒரு சந்தேகம். நேற்று அந்த இழையில் "கிளச் பிடித்து வளர்ந்த கை இது, ஸ்கூட்டி எல்லாம் விளையாட்டுச் சாமான்" என்று எழுதினீர்கள். உங்கள் பெயர் எம்டி90, அது ஒரு ஹொண்டா மோட்டார் சைக்கிளின் பெயர். அந்த வண்டிக்குக் கிளச் லீவரே இல்லையே? காலால் கியரைத் தட்டினால் போகிறது. இடது கைக்கு ஹோர்ன் அடிக்கிற வேலைதான்.

எம்டி90
எம்டி90 கொழும்புக்கு வந்த பிறகு வாங்கியது. அதற்கு முதல் சிடி125, நாலு கியர், கிளச் லீவர் எல்லாம் உண்டு. உனக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. எம்டி90 ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்த வண்டி. இன்றைக்கும் ஒரு உதையில் ஸ்டார்ட் ஆகும். உன் டியோ மழை பெய்தால் இருமுகிறது.

கொட்டாஞ்சேனைப் பொடியன்
சரி, தபால்காரர் வண்டி. அது 100 சீசீக்குள். அக்காவின் பெப்பும் அப்படித்தான். சட்டத்தின்படி இரண்டும் ஏ1, சின்ன மோட்டார் சைக்கிள் வகுப்பு. லைசன்ஸ் கொடுக்கிற வேரஹெரவில் அக்காவும் நீங்களும் ஒரே வகுப்பு அண்ணை, ஒரே பெஞ்ச்.

எம்டி90
என்னுடைய லைசன்ஸில் ஏ, பி எல்லாம் இருக்கிறது. வேண்டுமென்றால் படம் போடுகிறேன்.

தெஹிவளை வாத்தியார்
படம் போடாதீர்கள், அடையாள அட்டை இலக்கமும் அதில் இருக்கும். என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

155 பயணி
என் செருப்புக்கும்.

நீல ஸ்கூட்டி
எம்டி90 அண்ணை, அக்சிலேட்டர் முறுக்குப்படும் என்று சொன்னீர்களே, அது உண்மைதான். எனக்கும் முதல் கிழமையில் நடந்தது. மதில் வரைக்கும் போனேன். அதற்கு மருந்து வலது பிரேக்கை மறப்பது இல்லை. அக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்டுத்தான் விரலை லீவருக்கு நீட்ட வேண்டும். விடு, பிறகு பிடி. ஒழுங்கைக்குள் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் ஐம்பது தரம் செய்தால் கைக்கு வந்துவிடும். வயதான கை மெதுவாகப் பழகும். பழகாது என்றில்லை. எங்கள் அம்மா எழுபது வயதில் வட்ஸ்அப் பழகி இப்போது எங்களுக்கே வேண்டாத வீடியோ அனுப்புகிறா.

எம்டி90
வட்ஸ்அப்பில் விழுந்தால் தையல் போடத் தேவையில்லை.

உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். இளம் வயதில் விழுந்தால் தட்டிவிட்டு எழும்பலாம். ஐம்பதில் இடுப்பு. எனக்குத் தெரிந்த ஒருவர் 56இல் பழகி, மூன்றாம் மாதமே தண்டவாளக் கடவையில் விழுந்து இன்றைக்கும் கால் இழுத்துத்தான் நடக்கிறார். மழை நேரம், வலது பிரேக்.

ஸ்பேனர்
ஈரத் தண்டவாளத்தில் எந்தப் பிரேக்கும் பிடிக்கக்கூடாது அண்ணை. ரோட்டு வெள்ளைக் கோட்டிலும்தான். முதலே வேகத்தைக் குறைத்து, ஹாண்டிலை நேராக வைத்து, தண்டவாளத்துக்கு நேர்குறுக்காகக் கடக்க வேண்டும்.

எம்டி90
வலது பிரேக் என்று நான் சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்
அண்ணைக்கு யார் என்ன எழுதினாலும் அண்ணை எழுதியதாகவே தெரிகிறது.

எம்டி90
போன வருஷம் ஹெல்மட் இழையில் நீ தோற்றதில் இருந்து என்னைத் துரத்துகிறாய். எல்லோருக்கும் தெரியும்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்
நான் தோற்றேனா? இழையைப் பூட்டினார்கள்!

நீல ஸ்கூட்டி
ஒரு விஷயத்தில் உங்களுடன் ஒத்துப்போகிறேன் அண்ணை, வயது தடைதான். ஆனால் எனக்கு இடிப்பது பிரேக்கில் இல்லை. அடுக்குமாடியின் கீழ் தரிப்பிடத்தில் இருந்து அந்தச் சரிவில் வண்டியைப் பின்பக்கமாக எடுப்பதும், சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவதும்தான். மூன்று வருஷமாகிறது, ஸ்டாண்டில் ஏற்றுவது இன்றைக்கும் செக்யூரிட்டி ஐயாதான். காலையில் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே வந்து பிடிப்பார். அதை ஒருவரும் பழக்கித் தரவில்லை.

எம்டி90
ஆஹா! ஸ்டாண்டில் ஏற்றத் தெரியாதவர்தான் நேற்றில் இருந்து எனக்குப் பிரேக் பாடம் எடுக்கிறாரா?

ஸ்பேனர்
அக்கா, அது பலத்தில் இல்லை. வண்டிக்கு இடது பக்கம் நில்லுங்கள். இடது கை ஹாண்டிலில், வலது கை சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியில். வலது காலால் ஸ்டாண்டை மிதித்து, அதன் இரண்டு காலும் தரையில் ஒட்டியதும் உடம்புப் பாரத்தை முழுக்க அந்தக் காலில் போடுங்கள். கையால் தூக்க வேண்டாம், வழி காட்டினால் போதும். வண்டி தானாகப் பின்னால் ஏறும்.

எம்டி90
இடது கால்.

ஸ்பேனர்
இடது காலா?

எம்டி90
40 வருஷமாக இடது காலால்தான் ஏற்றுகிறேன். வலது காலை ஸ்டாண்டில் வைக்கவே கூடாது.